முதுகுக்குத் தங்கக் காப்புறுதி

பொய் சொன்னபோதெல்லாம் எனக்குச் சம்பளத்தோடு லீவு கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். கைக்கெட்டிய மலேசியா போய்விட்டது. ஆகவே இதை வாசிக்கும் ஆசிரியப் பெருமக்கள் உண்மை பேசுவதற்கு முன் நன்றாக யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஏழு வருடத்துக்கு முந்திய கதை. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் தமிழ் ஆசிரியன். வீட்டில் நான், மனைவி செல்வி, அவளுடைய அம்மா. அத்தை முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். விமானத்தை அண்ணாந்து மட்டும் பார்த்தவர். ஆகஸ்ட் விடுமுறையில் ஆறு நாள் மலேசியா என்று அட்டன் டவுனில் பயணக் கடை வைத்திருக்கும் நசீர் நானா ஆள் சேர்த்தபோது மூவரும் பெயர் கொடுத்தோம். அத்தைக்குப் பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும். செல்விக்கு இரட்டைக் கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுக்க வேண்டும். எனக்கு ஆறு நாள் வெயில் வேண்டும். (ஆகஸ்டில் எங்கள் பக்கம் மழை கூரையில் பெய்வதில்லை, நேரே எலும்பில் பெய்யும். ஈரம் காயாத சட்டையைப் போட்டுக்கொண்டே ஒரு மனிதன் ஐம்பது வயதைத் தொட்டுவிடலாம்.)

“சேர், இன்சூரன்ஸ் கட்டாயம்,” என்றார் நானா. “வெண்கலம், வெள்ளி, தங்கம்னு மூணு வகை இருக்கு. எல்லாரும் வெள்ளிதான் எடுத்திருக்காங்க. ஒரு கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சிச்சு.”

அந்த ‘எல்லாரும்’தான் என்னைக் கெடுத்தது. எல்லாரும் எடுப்பதை நானும் எடுப்பதா? விளக்கப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு வாரம், மூடுபனி ஜன்னலை நக்கிக்கொண்டிருக்க, விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் கோடு போட்டு வாசித்தேன். படிக்கும் காலத்தில் பாடப் புத்தகத்துக்கு இந்த மரியாதை கொடுத்திருந்தால் நான் இப்போது பாடசாலை அதிபராக இருந்திருப்பேன்.

வாசித்ததை மனத்துக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் நான். சாப்பாட்டு நேரத்தில் விளக்கம் சொன்னேன்.

“வெள்ளியில, போற எடத்துல செத்தா ஒடம்ப அனுப்பி வச்சிருவாங்க. தங்கத்துல ஒடம்போட ஒருத்தரு தொணைக்கும் வரலாம்.”

அத்தை சோறு பிசைந்த கையை நிறுத்தினார். “யாரு ஒடம்பு மாப்ள?”

“சும்மா ஒரு பேச்சுக்கு அத்தை.”

“பேச்சுக்கு எங்க ஒடம்புதான் கெடச்சிச்சா?”

“ஏங்க, வெள்ளியே போதும்,” என்றாள் செல்வி. “ஊரு சுத்திப் பாக்கப் போறோமா, உசுர விடப் போறோமா?”

நான் கேட்கவில்லை. தங்கத்தில் பனிச்சறுக்கு விபத்துக்குக்கூட இழப்பீடு உண்டு. அறுபத்தெட்டு வயது அத்தை மலேசிய வெயிலில் பனியில் சறுக்கி விழக்கூடிய அந்த அரிய வாய்ப்பை என்னால் கைவிட முடியவில்லை.

தங்கத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பழைய நோய்களுக்கும் அதில் காப்பு உண்டு என்பதால், கம்பனியின் டொக்டர் தொலைபேசியில் ஒவ்வொருவரையும் விசாரிப்பார். எதையாவது மறைத்தால் பத்திரம் செல்லாது. “எதையும் மறைக்கக் கூடாது, எதையும் மறைக்கக் கூடாது” என்று வீட்டில் இருவருக்கும் நான் ஒரு வாரம் பாடம் நடத்தினேன்.

சனிக்கிழமை காலை அழைப்பு வந்தது. உரையாடல் பதிவு செய்யப்படும் என்றார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவே வைத்தேன். செல்வி இரண்டு நிமிடத்தில் தேறிவிட்டாள். அடுத்தது அத்தை.

‘டொக்டர்’ என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தை முந்தானையை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டார். குரல் பாதியாகிவிட்டது. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் ‘நல்லா இருக்கேன்’ என்று சொன்னவளைக் கூடையோடு மலைக்கு அனுப்பிவிடுவார்கள். டொக்டரிடம் பேசுவதற்கு அத்தை பழகிய பாஷை வேறு.

“நெஞ்சு படபடங்குதுங்க டொக்டரய்யா. மூச்சு இழுக்குது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. முட்டி ரெண்டும் கழண்டு விழுற மாதிரி இருக்குங்க.”

நான் இரண்டு கையையும் ஆட்டினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கடைசியில் ஓர் இருமலும் சேர்த்தார். என்ன இருமல்! நுரையீரலே நம்பியிருக்கும்.

“இதெல்லாம் எப்பம்மா வரும்?” என்றார் டொக்டர்.

“விடியக்காலையிலங்க. பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேரு கூப்புடுறதுக்கு முன்னாடி.”

“இப்பவும் வருதா?”

“வேலைய விட்டு நின்னதும் நின்னுருச்சுங்க.”

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “மலை ஏறுவீங்களா அம்மா?”

“வெறகுக் கட்டோட ஏறுவேங்க,” என்றார் அத்தை, முழுக்குரலும் திரும்பி வர.

தங்கம் கிடைத்தது. நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். எனக்கென்ன, கல் மாதிரி உடம்பு.

“கடைசி மூணு வருஷத்துல வைத்தியச் சான்றிதழ் குடுத்து வேலைக்கு லீவு எடுத்திருக்கீங்களா?”

இந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. அரசாங்க ஆசிரியனிடம் ‘மெடிக்கல் போட்டீர்களா’ என்று கேட்பது, மீனிடம் நனைந்திருக்கிறாயா என்று கேட்பது போல. அதிலும் நான் தடிமன், காய்ச்சல் என்று மலிவாகப் போடுகிற ஆளில்லை. போட்டால் கௌரவமான நோயாகப் போடுவேன்.

“அது வந்து… சின்னதா…”

“சின்னதா?” அத்தை போனை நோக்கிக் குனிந்தார். “முதுகு எலும்பு நழுவி ரெண்டு கெழம படுத்த படுக்கையா கெடந்தாருங்க, பாவம்! முத்திரை குத்துன கடுதாசி அலமாரியிலதான் இருக்கு. எதையும் மறைக்கக் கூடாதுன்னு அவருதாங்க சொன்னாரு.”

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. (அந்த இரண்டு வாரமும் நான் படுத்தபடி கிரிக்கெட் பார்த்தது அவளுக்குத் தெரியும்.)

பதிவாகிக்கொண்டிருக்கிறதே என்ற பயத்தில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். விலகிய முதுகுத் தட்டு. நெருப்புக் காய்ச்சல். காரணம் தெரியாத நெஞ்சுவலி. சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் இரக்கம் வந்தது. அத்தை தன் நடிப்பை ஒரு வரியில் ஒப்புக்கொண்டு தப்பிவிட்டார். என்னுடையதோ கடதாசியில், கையொப்பத்தோடு, கல்வி அலுவலகக் கோப்பில் இருக்கிறது. டொக்டரின் குரலில் சிரிப்பு இல்லை. “விசேட வைத்தியர்ட்ட அறிக்கை எடுத்து அனுப்புங்க சேர். அதுக்குப் பிறகு பாப்போம்.”

விசேட வைத்தியரைப் பார்க்கக் கிடைத்த நாள், விமானம் போய் மறுவாரம். நானாவிடம் ஓடினேன்.

“அப்ப வெள்ளியே குடுங்க நானா.”

“வெள்ளிக்கு ‘ஒரு நோயும் இல்லே’ன்னு கையெழுத்துப் போடணுமே சேர். நீங்கதான் டேப்புல பூரா சொல்லிட்டீங்களே. அப்புடி ஒரு நோயே இருந்ததில்லன்னு ஒரு கடுதாசி கொண்டாங்க, நான் பேசிப் பாக்குறேன்.”

அப்படிக் கடுதாசி கொடுக்கக்கூடியவர், எனக்கு அந்த நோய்களை எழுதிக் கொடுத்த டொக்டர்தான். (பெயர் வேண்டாம், நல்ல மனிதர்.) அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“சேர், இருந்துச்சுன்னு எழுதுனதும் நான்தான். இப்ப இல்லன்னு எழுதுனா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். வேணும்னா இன்னொரு நோய் எழுதித் தாறேன்.”

அவ்வளவுதான். தாயும் மகளும் வேனில் ஏறிய காலையில் பெட்டியைத் தூக்கப் போனேன். “பாரம் தூக்காதீங்க மாப்ள, முதுகு!” என்று அத்தை போட்ட சத்தத்தில் வேனே திரும்பிப் பார்த்தது. விடுமுறை முழுவதும் நான் மழையோடு இருந்தேன். மழைதான் பேசியது.

நான்காம் நாள் வீடியோவில் கூப்பிட்டார்கள். அத்தை பத்துமலைப் படி அத்தனையும் ஏறி உச்சியில் நிற்கிறார், மூச்சுக்கூட வாங்கவில்லை. சுற்றிலும் அட்டன் முகங்கள்.

“மாப்ள, ஒங்களுக்காக நேந்துகிட்டேன். முதுகு சரியாப் போச்சுன்னா வருஷா வருஷம் நம்ம தோட்டத்துத் திருவிழாவுல காவடி எடுப்பாருன்னு முருகன்ட்ட சொல்லிட்டேன். எல்லாரும் சாட்சி!”

எல்லாரும் கையாட்டினார்கள். அத்தைக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருடம் டிஸ்பென்சரியில் தேறியவரின் முகத்தைப் படிக்கிற படிப்பை எந்தக் கல்லூரியும் எனக்குத் தரவில்லை.

முதுகு சரியாகவில்லை என்று சொன்னால் நோயாளி. சரியாகிவிட்டது என்றால் காவடி. ஏழு வருடமாக எடுக்கிறேன். மலேசியா போன அந்த வேன்காரர்கள் குடும்பத்தோடு வந்து பாதையோரம் நின்று, “சேர், முதுகு எப்புடி?” என்று கத்துவார்கள். நான் இன்னும் நாலு சுற்று ஆடுவேன்.

இந்த வருடம் முதுகு உண்மையாகவே வலிக்கிறது. காவடி தூக்கித் தூக்கி வந்ததாம். இம்முறை விசேட வைத்தியரே சொன்னார், படமும் எடுத்துக் கொடுத்தார். திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள். படத்தைச் செல்வியிடம் இரகசியமாகக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நன்றாகப் பார்த்தாள்.

“முருகனுக்கு ஒரு மெடிக்கல் போட்டுப் பாருங்களேன்,” என்றாள்.