ஐந்தாம் வகுப்பு வரை கட்டியாகிவிட்டது

ஓசூர்
19.6.1989

அன்புள்ள மாதப்பனுக்கு,

உன் அத்தை சாந்தம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் மகள் சம்பங்கியும் நலம். உன் நலத்தை உன் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். இரண்டு தெரு தள்ளி இருப்பவனுக்குத் தபால் எதற்கு என்று நினைக்காதே. நீயும் ராஜாத்தியும் பிரிந்ததிலிருந்து எழுத்தில் இல்லாத எதுவும் உங்களிடம் செல்லுபடியாவதில்லை. கான்வென்ட்டில் கற்றபடி இடப்பக்கம் ஓரம் விட்டு எழுதியிருக்கிறேன். பதில் போட்டால் நீயும் விடு.

வழக்கு முடியும்வரை குழந்தை என் வீட்டில் இருக்கட்டும் என்பது ஒன்றில்தான் நீங்கள் இருவரும் ஒத்துப்போனீர்கள். ஆகவே பள்ளி திறந்த அன்று நான்தான் அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போனேன். ஃபீஸ் கட்டும் ஜன்னலில் நீ ஃபாக்டரி சட்டையோடு நிற்கிறாய், ராஜாத்தி கிருஷ்ணகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நிற்கிறாள். யார் பெயரில் ரசீது இருக்கிறதோ அவர் பக்கம்தான் பிள்ளை என்று உங்கள் வக்கீல்கள் இருவரும் சொல்லிவைத்தாற்போல் சொல்லியிருக்கிறார்கள்.

"மொதல்ல வந்தது நானு. தள்ளி நில்லுங்க" என்கிறாள் அவள்.

"ராத்திரி ஷிப்டு முடிச்சி நேரா வந்திருக்கேன். அப்பன் நானு இருக்கறப்ப நீ எதுக்குக் கட்டற?" என்கிறாய் நீ.

பணம் வாங்கும் செல்வம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "கட்டமாட்டேன்னு சண்ட போடறவங்கள தெனமும் பாக்கறேன். கட்டறேன்னு சண்ட போடறவங்கள இன்னிக்கித்தான் பாக்கறேன். வரிசையில வாங்க."

நீ முழு வருஷத்துக்கும் கட்டினாய். அவள் அடுத்த வருஷத்துக்குக் கட்டினாள். நீ சொசைட்டியில் கடன் வாங்கி மத்தியானமே திரும்பி வந்து அதற்கடுத்த வருஷத்துக்கும் கட்டினாய். பள்ளிக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள், ஐந்தாம் வகுப்பு வரை கட்டியாகிவிட்டது.

ஆனால் அவள் ஷூவின் முனை கிழிந்து பெருவிரல் வெளியே தெரிகிறது. இன்று பிரேயரில் அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். உன்னிடம் கேட்டாளாம், அம்மாவைக் கேள் என்றாயாம். ராஜாத்தியிடம் கேட்டாளாம், அப்பாவைக் கேள் என்றாளாம். ஷூ வாங்கிய சீட்டு கோர்ட்டில் நிற்காது என்று இதையும் வக்கீல்கள் சொல்லியிருப்பார்கள். நான் வாங்கித் தரலாமே என்பாய். பெற்றவர்கள் இருவரும் இருக்கும்போது மூன்றாம் ஆள் ஒரு பிள்ளைக்கு ஷூ வாங்குவது அந்தப் பிள்ளைக்கு அவமானம். நான் வாங்கமாட்டேன்.

இதற்கெல்லாம் நான் கடிதம் எழுதியிருக்கமாட்டேன், மாதப்பா. சாயங்காலம் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "அத்தைப்பாட்டி, ஷூவுக்கும் ஸ்கூல்லயே பணம் கட்டற மாதிரி வெச்சா நல்லா இருக்கும்ல" என்றாள். ஏன் என்றேன். "அப்பதான ரெண்டு பேரும் வருவாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சாவது வரைக்கும் கட்டிட்டாங்களே, இனி எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். பின்னலை அவிழ்த்து மறுபடியும் பின்னினேன். என் முகத்தை அவள் பார்க்க வேண்டாமென்று.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீயும் ராஜாத்தியும் வாருங்கள். அவளுக்கும் எழுதுகிறேன். இருவரும் சேர்ந்து பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போங்கள். ரசீது கேட்காதீர்கள். பிள்ளையை ரசீதில் தேடுகிற குடும்பம் நம்முடையது அல்ல.

வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவன் உனக்கும், நீ பெயரைச் சொல்ல மறுக்கிறவளுக்கும் நல்ல புத்தி தரட்டும்.

இப்படிக்கு,
சாந்தம்மா

பி.கு.: ஞாயிறு வந்து போய்விட்டது. நீங்கள் வருவீர்களோ என்று பார்த்துத்தான் கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். சொல்லாமலே வருவீர்கள் என்று நினைத்தது என் தவறு. இன்று காலை பஸ் ஸ்டாண்டு காஜா மொய்தீன் கடையில் நானே ஷூ வாங்கிவிட்டேன். ஒரு அளவு பெரிதாக, பக்கிள் வைத்தது. "ஷூவுக்குப் போயி யாரும்மா ரசீது கேப்பாங்க?" என்று சிரித்தார். எழுதச் சொன்னேன். யார் பெயருக்கு என்றார். என் பெயரைச் சொன்னேன். ரசீதை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரியில் மூன்றாவதாக ஒரு நல்ல வக்கீல் இருந்தால் விலாசம் எழுது.