பூநாரையும் மாமனாரும்

மாமனார் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கோயமுத்தூர்ப் பக்கத்து மாப்பிள்ளைகளுக்கு அது முழங்காலிலேயே ஊறிப்போன விஷயம். மூளைக்குச் சேதி போவதற்குள் முட்டி நிமிர்ந்துவிடும். அந்த முட்டியால்தான் தொண்ணூறுகளில், கல்யாணமான புதிதில், என் மானம் தூத்துக்குடி உப்பளத்தில் கரைந்தது.

என் மனைவி ரேவதிக்குப் பறவைப் பைத்தியம். சிங்காநல்லூர் குளத்து நாரைகளையெல்லாம் பள்ளிக்கூட நாளிலேயே பார்த்துத் தீர்த்துவிட்டாள். பூநாரையை மட்டும் படத்தில்தான் பார்த்திருந்தாள். அவள் என்னிடம் கேட்ட முதல் ஆசையே அதுதான். "நகை நட்டெல்லாம் வேண்டாமுங்க. பக்கத்துல இருந்து ஒருக்கா பாத்துப்போட்டா போதும்" என்றாள். நான் உருகிப்போய், தூத்துக்குடிக்குப் போக லீவு போட்டேன். "புதுசா கல்யாணமானதுக, தனியா எப்படிப் போகும்?" என்று போத்தனூரிலிருந்து மாமனாரும் பெட்டியோடு கிளம்பிவிட்டார். (தனியாகப் போவதற்குத்தானே கல்யாணமே! யாரிடம் சொல்வது?)

முதல் நாள் தேரிக்காட்டுக்குப் போனோம். கண்ணுக்கெட்டியவரை செம்மணல், பாலைவனமேதான். கல்கௌதாரி ஜோடி ஒன்று மணலோடு மணலாகப் படுத்திருந்தது. ரேவதி பைனாகுலரைத் தூக்கினாள், மாமனார் பின்னால் வந்தார், நான் எழுந்தேன், கௌதாரிகளும் எழுந்து பறந்துவிட்டன. அவள் என்னைப் பார்த்த பார்வையில் மணல் இன்னும் கொஞ்சம் சூடானது.

"நாளைக்குக் கடைசி நாளுங்க. அசையாம மட்டும் இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். மறுநாள் மாமனாரை லாட்ஜிலேயே தூங்கவிட்டு, விடியலில் நாங்கள் இருவரும் உப்பளத்துக்குக் கிளம்பினோம்.

அந்த விடியல் இப்போது நினைத்தாலும் கனவு மாதிரித்தான் இருக்கிறது. பாத்திகளில் தண்ணீர் அசையவேயில்லை. வானம் எது, தரை எது என்று தெரியவில்லை. அந்த நடுவாந்தரத்தில் நூற்றுக்கணக்கான பூநாரைகள், தலையைக் கவிழ்த்து மேய்ந்தபடியே எங்களை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தன. வரப்புக்குப் பின்னால் குந்தியிருந்த ரேவதி மூச்சுவிடக்கூட யோசித்தாள். நான் பறவையை எங்கே பார்த்தேன்? அவளையும் அவள் முகத்து வெளிச்சத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பூநாரைகள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தால் அவள் பைனாகுலரையே கீழே வைத்திருப்பாள்.

பின்னால் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. மாமனார்! பாவம், ஆட்டோ பிடித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்களுக்குக் காப்பி ஃபிளாஸ்கோடு பூனை மாதிரிதான் வந்தார். என் முட்டி நிமிர்ந்தது.

"வாங்க மாமா."

"அட, நீங்க உக்காருங்க மாப்ள."

"இல்லீங்க மாமா, நீங்க மொதல்ல உக்காருங்க."

"மாப்ள நிக்கறப்ப நான் எப்படீங்க உக்கார்றது?"

உப்பளமே கிளம்பியது போல இருந்தது. வெள்ளையாய் நின்றவை எல்லாம் சிறகு விரித்ததும் செக்கச் சிவந்து, எங்கள் தலைக்கு மேலே போய், கடல் பக்கம் மறைந்தன. மாமனாரும் நானும் வாய் பிளந்து நின்றோம். ரேவதி மட்டும் குந்தியபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காப்பியை யாரும் தொடவில்லை.

அடுத்த வருஷம் தோழிகளோடு போய்ப் பூநாரையைப் பக்கத்திலேயே பார்த்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் எந்தக் கடற்கரைக்கும் எங்கள் இருவருக்கும் அழைப்பு கிடையாது. ஏன் என்று மகள் கேட்டால் இன்றும் இதைத்தான் சொல்கிறாள்:

"உங்கப்பாவும் அப்புச்சியும் ரொம்ப மரியாதைக்காரங்க, கண்ணு. அவங்க உக்காருங்க உக்காருங்கன்னு சொல்லச் சொல்ல, பறவைக எல்லாம் எந்திரிச்சுப் போயிருச்சுக."