ஆத்தங்கரையில நான் நட்ட ஏழு கல்லு

மாசத்துக்கு ஒரு தடவை போய் ஆத்தங்கரையை அளந்துட்டு வரணும். அவ்வளவுதான் வேலை.

திருத்தணியில ஒரு சர்க்கார் ஆபீஸ்ல நான் அப்போ தற்காலிக குமாஸ்தா. யுத்த காலம். வேலை நிரந்தரம் ஆகுமா, இல்ல சீட்டு கிழியுமான்னு மாசாமாசம் கவலை. ஏன்னா, மாமனார்கிட்ட "நிரந்தர உத்தியோகம்"னு கூசாம பொய் சொல்லித்தான் அவர் பொண்ணைக் கட்டிக்கினேன். அந்தப் பொய்யை உண்மையாக்கறதுக்கு எனக்கு ஒரே வழி, இந்தக் கரை.

கொசத்தலை ஆத்தங்கரையில ஒரு பாழூர். எப்பவோ வெள்ளத்துக்குப் பயந்து ஜனங்க காலி பண்ணிட்டுப் போன ஊரு. இடிஞ்ச சுவரும், பழைய எழுத்து வெட்டின ஒரு கல் மண்டபமும்தான் மிச்சம். ஆறு கரையை அரிச்சுக்கினே வருது, மண்டபம் போயிடும்னு யாரோ மெட்ராஸுக்கு எழுதிப்போட்டுட்டாங்க. நிஜமாவே அரிக்குதுன்னா கருங்கல் அனுப்பி கரை கட்டுவாங்க. அரிக்குதா இல்லையான்னு நான் சொல்லணும். நானு!

கரையோரமா கல்லு நட்டு, மாசாமாசம் கல்லுலேர்ந்து கரை விளிம்பு வரைக்கும் அளந்து, காகிதத்துல கட்டத்தை நிரப்பி அனுப்பணும். தூரம் குறைஞ்சா ஆறு அரிக்குதுன்னு அர்த்தம். மேயற ஆட்டுக்கு எழுத வந்தா அதுவே பண்ணிடும்.

ஆவணி மாசம் போனேன். ஆபீஸ்ல ஏழு கல்லு கொடுத்திருந்தாங்க. மண்டபத்துக்கு முன்னால, விளிம்புலேர்ந்து சரியா பத்து கெஜம் தள்ளி, ஏழையும் வரிசையா நட்டேன். தூரத்துலேர்ந்து தெரியட்டுமேன்னு சுண்ணாம்பு அடிச்சேன். அது போதாதுன்னு தலையில காவிப் பட்டை வேற போட்டேன்.

தண்ணிக்குப் பக்கத்துல வரிசையா ஏழு கல்லு. வெள்ளையும் காவியும். எங்க பக்கத்துல அதுக்குப் பேரு கன்னிமாரு சாமின்னு பொறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் வேற ஊர்லேர்ந்து வந்தவன் இல்ல, இதே பக்கத்து ஆளுதான். ஆனா கையில டேப்பு வந்ததும் மண்டையில இருந்தது இறங்கிப்போச்சு.

அங்க ஆடு மேய்ச்சுக்கினு இருந்த கங்கம்மா, இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கினு வந்து பயபக்தியா நின்னாங்க. என்னை "ஓவர்சீரு"ன்னு கூப்பிட்டாங்க. நான் ஓவர்சீயர் இல்லைன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. நெஞ்சை நிமித்திக்கினு ஒரு சொற்பொழிவு வேற செஞ்சேன். கல்லை யாரும் சும்மா தொடக்கூடாது. கல்லுக்கும் கரைக்கும் நடுவுல பத்து கெஜம், இது சர்க்கார் கணக்கு. எல்லாரும் தலையை ஆட்டினாங்க.

புரட்டாசியில போனா ஏழு கல்லுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, வேப்பிலை செருகியிருந்தது. வேற எவனா இருந்தாலும் பதறியிருப்பான். நான் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கினேன். சாமின்னு ஆயிட்டா எவனும் பிடுங்க மாட்டான், காவலுக்கு ஆள் வேணாம், என்னா மூளை எனக்குன்னு. அளந்தேன். ஏழும் பத்து கெஜம். எழுதினேன். கங்கம்மா பொங்கல் கொடுத்தாங்க. நான் நட்ட கல்லுக்குப் படைச்ச பொங்கலை நானே ரெண்டு தடவை வாங்கித் தின்னேன்.

ஐப்பசியில நல்ல மழை. ஆறு ரெண்டு கரையும் புரண்டு ஓடுச்சு. வெள்ளம் வடிஞ்சதும் போய் அளந்தேன். ஏழும் பத்து கெஜம்.

கார்த்திகையிலயும் அதே பத்து. அந்தத் தடவை கல்லுங்க மண்டபத்து நிழல்ல இருந்தது. வெயில் படாம அளக்க சௌகரியமா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். ஆத்துக்குள்ள ரெண்டு தூண் வேற கிடந்தது. குளிக்கறவங்க வசதிக்காக யாரோ புண்ணியவான் போட்டிருக்கான்னு நினைச்சு, அதுமேல உக்காந்து நிதானமா காலைக் கழுவினேன்.

மார்கழிக் காகிதத்துல ஒரு வரி சேர்த்தும் எழுதினேன். கரை துளியும் அசையவில்லை, பொதுமக்கள் ஒத்துழைப்பு பிரமாதம்.

தை பொறந்ததும் மெட்ராஸ்லேர்ந்து கடுதாசி. ஆபீசர் நேர்ல வராராம். கடுதாசியில எழுதியிருந்தாரு, இவ்வளவு ஒழுக்கமான ஆத்தை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை, அளந்தவரையும் பார்க்கணும்னு. ஹெட் கிளார்க் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிச்சாரு. பொறாமைன்னு நினைச்சுக்கினேன். மாமனாருக்கு அன்னிக்கே ஒரு கார்டு போட்டேன், மேலதிகாரி என்னைப் பார்க்கறதுக்குன்னே மெட்ராஸ்லேர்ந்து வராருன்னு. கோட்டு ஒண்ணு இரவல் வாங்கினேன்.

ஆபீசர், பெட்ரோல் தட்டுப்பாட்டுல கரி எரிச்சு ஓடின பஸ்ல புகை வாங்கிக்கினு வந்து இறங்கினாரு. பாழூருக்கு நடந்து போய்ச் சேர்ந்ததும், முதல் மாசம் நான் போட்டனுப்பின படத்தைப் பிரிச்சாரு. படத்தைப் பார்த்தாரு, கரையைப் பார்த்தாரு, என் கோட்டைப் பார்த்தாரு.

"படத்துல கல்லு மண்டபத்துக்கு முன்னால இருக்கு. இங்க பின்னால இருக்கே?"

"ஆமா சார்."

"அப்போ மண்டபம் எழுந்து நடந்து முன்னால போயிடுச்சா?"

இதைக் கேட்டதும் நான் யோசிச்சேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அப்படியும் இருக்குமோன்னு நிஜமாவே யோசிச்சேன்.

அதுக்குள்ள கங்கம்மா, பெரிய தொரை வந்திருக்காருன்னு தாம்பாளத்தோட வந்துட்டாங்க. கல்லை யாராவது நகர்த்தினாங்களான்னு ஆபீசர் கேட்டாரு.

"ஆங், நாங்கதாங்க. தண்ணி கிட்ட வந்துகினே இருந்துச்சு. தாயிங்கள வெள்ளத்துல வுட முடியுங்களா? பத்து கெஜம் இருக்கணும்னு ஓவர்சீருதான் சொல்லிகினு போனாரு."

நான் பாய்ஞ்சேன். கல்லைத் தொடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேன்னேன்.

"சும்மா தொடக்கூடாதுன்னீங்க. நாங்க தலைமுழுகிட்டுதான் தொட்டோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"இன்னாங்க இது, மாசாமாசம் நீங்களே வந்து அளந்து பார்த்து, சரியா இருக்குதுன்னு எழுதிகினு போனீங்களே!"

ஆபீசர் என் பக்கமே திரும்பல. எவ்வளவு தள்ளி நட்டீங்கன்னு கங்கம்மாவைத்தான் கேட்டாரு. அவங்க இடுப்புலேர்ந்து முடிச்சுப் போட்ட ஒரு கயித்தை எடுத்தாங்க. நான் முதல் நாள் டேப்பு பிடிச்சப்பவே, கெஜத்துக்கு ஒரு முடிச்சுன்னு அளவு எடுத்து வெச்சிருக்காங்க. புரட்டாசியில மூணு கெஜம், ஐப்பசியில பதினொண்ணு, கார்த்திகையில பன்னெண்டு, மார்கழியில தண்ணி ஏறல, அதனால நகர்த்தலன்னு மளமளன்னு ஒப்பிச்சாங்க. கூட்டினா இருபத்தாறு. ஆபீசர் படத்தை வெச்சு அளந்து பார்த்தாரு. ஒரு விரல் தப்பல.

இருபத்தாறு கெஜம் ஆத்தோட போயிருக்கு. அதுல நின்னுக்கினு நான் துளியும் அசையலன்னு எழுதியிருக்கேன்.

நான் காலைக் கழுவின ரெண்டு தூணும் மண்டபத்து முன்வரிசைத் தூணுங்க. ஒழுங்கா ஒரு வார்த்தை எழுதியிருந்தா ஐப்பசியிலயே கருங்கல் வந்திருக்கும், அதுங்களும் நின்னிருக்கும். பழைய எழுத்து பாதி அதுலதான் இருந்ததாம். அதை ஆபீசர் சத்தம் போடாம, ரொம்ப மெதுவாச் சொன்னாரு. திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன். இரவல் கோட்டுக்குள்ள கூனிக்குறுகி நின்னேன்.

பதினஞ்சு நாள்ல கருங்கல் வந்து இறங்கிச்சு. மிச்ச மண்டபம் தப்பிச்சுது. அதுக்கு மறுவாரம் ஆபீஸுக்கு ரெண்டு உத்தரவு வந்தது. கரை பார்க்கற வேலைக்குக் கங்கம்மாவை வெச்சுக்கணும்னு ஒண்ணு. என்னை வெச்சுக்க வேணாம்னு ஒண்ணு.

மாமனார் ஆர்.கே.பேட்டையிலேர்ந்து வந்தாரு. காப்பியைக் குடிச்சு முடிச்சு, டம்ளரை ஓரமா வெச்சுட்டுத்தான் வாயைத் திறந்தாரு.

"ஆடு மேய்க்கற அம்மாவை நிரந்தரமா வெச்சுக்கினாங்களாமே, மாப்ளே?"

ஆங்னேன். பொண்டாட்டி உள்ள போய்ச் சிரிச்சா. அது எனக்குக் கேக்கக்கூடாதுன்னு அவ நினைச்சதா எனக்குத் தோணல.

இப்போ அரக்கோணம் ஸ்டேஷன்ல பார்சல் எடை போடறேன். ஆயுதபூஜையன்னிக்குக்கூட எடைக்கல்லுக்குப் பொட்டு வைக்க நான் யாரையும் விடறதில்ல.