தோட்டத்து மண்ணில் நண்டு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதுவது. நீயும் உன் படகும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நானும் சௌக்கியம் என்று மரியாதைக்கு எழுதலாம். ஆனால் மானம் கப்பலேறி நாலு நாளாகிறது.

அணு உலை வெடித்து நாம் தீவை விட்டு வந்து பதினெட்டு வருஷம். இப்போது மண்ணில் கதிர்வீச்சு குறைந்த தெருக்காரர்கள் மட்டும் வீடு திரும்பலாம் என்று சொல்லி, அவரவர் தோட்டத்து மண்ணை எடுத்துவர ஆளுக்கொரு டப்பா தந்தார்கள் அல்லவா? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. தீவின் கரை மணலை அலை வந்து வந்து கழுவிவிட்டது, அங்கே யாரும் போகலாம், தோட்டத்து மண்தான் விஷத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும், பாதி குறையவே முப்பது வருஷம் ஆகும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். எனக்கு இப்பவே எழுபத்தொண்ணு, மாப்ளே! கரை மணலை அள்ளிப் போட்டு, மேலே ‘தோட்டம்’ என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆய்வுக்கூடத்துப் பெண் மூடியைத் திறந்தால், ஒரு குட்டி நண்டு வெளியே வந்து மேசைமேல் நடக்கிறது. “ஐயா, தோட்டத்துல நண்டா போட்டிருக்கீங்க?” என்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “அது எங்க வீட்டு நண்டும்மா”ன்னு சொல்லித் தொலைச்சேன். ஒரு டப்பா பொய் என்றால் தெருவே தள்ளுபடியாம். இனி மூன்று வருஷம் கழித்துத்தான் பார்ப்பார்களாம். இதில் கொடுமை, பக்கத்து வீட்டுத் தச்சர் தோட்டத்து மண் தேறியிருந்ததாம். மழையில் கரைந்து, நினைத்ததைவிடச் சீக்கிரம் குறைந்துவிட்டதாம். நம்முடையதும் தேறியிருக்கும். தச்சர் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அவர் கிடக்கட்டும். டாக்டர் போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் அக்காவுக்கு ஆறு மாதம்தான் என்றார். அவளோ, “நம்ம வீட்டுல ஒரு நாள் படுத்து எழுந்தா போதுங்க” என்கிறாள். அதையும் நானே கெடுத்துவிட்டேன். அழுகை அழுகையாக வருகிறது.

இந்த இரண்டும் அவளுக்குத் தெரியக் கூடாது. நீ இந்தப் பக்கமே தலைகாட்டாதே; உன் மூஞ்சிக்கு எதையும் மறைக்கத் தெரியாது. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லாரும் நோய்நொடியில்லாமல் நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. உறை எடுக்க உள்ளே போன நேரத்தில் முழுக்கப் படித்துவிட்டாள். நண்டு வந்த இடத்தில் சிரித்தாளாம். பிறகு கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். அப்புறம், “தெருவுக்குள்ளதானே போகக் கூடாது? மணல்ல உக்காரலாமில்ல? அங்கேருந்து நம்ம வீட்டுக் கூரை தெரியும்” என்றாள். நாளைக்கே படகை எடுத்துக்கொண்டு வா. இப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.