சூட்கேஸ் சார்ஜ் ஆகிறது

"கார் எங்கே?" என்று கேட்டார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

அடித்தள பார்க்கிங்கின் மூலையில், சார்ஜருக்கு முன்னால், கார் நிற்க வேண்டிய கட்டத்தில் ஒரு சூட்கேஸ் இருந்தது. சார்ஜரின் கனத்த கறுப்பு ஒயர் நேராக வந்து அந்தச் சூட்கேஸின் விலாவில் செருகியிருந்தது. சார்ஜரின் திரையோ, 'கார் இணைக்கப்பட்டுள்ளது. பேட்டரி 31 சதவீதம்' என்று பச்சை எழுத்தில் சத்தியம் செய்துகொண்டிருந்தது.

"இதுதான் சார் கார்," என்றான் டம்மி.

செயலாளர் சூட்கேஸை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"சக்கரம் இருக்கு, ஒத்துக்கறேன். மீதி எங்கே?"

டம்மி என்பது ஆபீஸில் வைத்த பெயர். சார்ஜர்களைச் சோதித்துப் பார்க்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. ஒவ்வொரு சோதனைக்கும் நிஜக் காரைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது என்பதால், காரைப் போலவே பேசும் இந்தச் சூட்கேஸ் பெட்டியைச் செய்திருந்தான். 'எனக்கு இவ்வளவு கரண்ட் கொடு', 'போதும், குறை', 'சூடாகிறது, நிறுத்து' என்று ஒரு கார் சார்ஜரிடம் சொல்வதையெல்லாம் அந்தப் பெட்டியும் சொல்லும். உள்ளே பேட்டரி கிடையாது. பேட்டரி எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கு மட்டும்தான் இருந்தது. அந்தக் கணக்கை எழுத அவனுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இந்த வகை சார்ஜர் எண்பது சதவீதத்தை நெருங்கும்போது திடீரென்று பேச்சை நிறுத்திக்கொள்கிறது என்று புகார். நாளைக்கு மேனேஜரிடம் காரணம் சொல்லியாக வேண்டும். அதே சார்ஜர் தன் வீட்டுக்குக் கீழேயே இருக்கும்போது எதற்கு அலைய வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியையும் அதை ஆட்டிவைக்கும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கிவிட்டான்.

டம்மி இதைச் சொல்லி முடிப்பதற்குள், "அதெல்லாம் எனக்கு எதுக்கு சார்?" என்றார் செயலாளர். "சம்பந்தி வீட்டுக்காரங்க ஸ்டேஷன்ல வந்து இறங்கப்போறாங்க. பெரியவ கல்யாணத்தை இன்னைக்குப் பேசி முடிக்கணும். என் வண்டில நாலு பர்சன்ட்தான் இருக்கு. கழட்டுங்க, கழட்டுங்க!"

"டாக்ஸி வெச்சு..."

"டாக்ஸியா? அவங்க கண்ணுல படணும்னுதானே புது வண்டியே வாங்கினேன்!"

அவருடைய புதுக் கார் ஏற்கெனவே பின்பக்கமாக வந்து சூட்கேஸை உரசாத குறையாக நின்றிருந்தது. அதன் பக்கத்தில், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவருடைய பெரிய பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

டம்மி ஒயரைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. சார்ஜ் ஏறும்போது யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று ஒயரைப் பூட்டிக்கொள்வது காரின் வேலை. தன்னைக் கார் என்று நினைத்துக்கொண்டிருந்த பெட்டியும் அதை ஒழுங்காகச் செய்திருந்தது. எண்பது சதவீதம் தொடும்வரை விடாதே என்று எழுதிவைத்தவன் அவனேதான்.

"ஒரு நிமிஷம் சார். எண்பதுன்னு நானே டைப் பண்ணிடறேன். விட்டுடும்."

அடித்தான். செயலாளர் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததில் லேப்டாப்பில் எட்டு விழுந்தது, பூஜ்யம் விழவில்லை.

'பேட்டரி 8 சதவீதம்' என்றது சார்ஜர். 'மீதமுள்ள நேரம்: இரண்டு மணி நேரம்.'

"குறைஞ்சிடுச்சே!" செயலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சார்ஜ் போட்டா ஏறும்னு கேள்விப்பட்டிருக்கேன். உங்க வண்டிக்கு இறங்குதே!"

"பதறாதீங்க. புரோகிராமையே நிறுத்திட்டுத் திரும்ப ஆரம்பிக்கிறேன்."

நிறுத்தி ஆரம்பித்தான். பெட்டி தூங்கி எழுந்த மாதிரி, சார்ஜரிடம் தன்னைப் புது வண்டி என்று அறிமுகப்படுத்திக்கொண்டது. சார்ஜர் யோசித்தது. பிறகு மிகுந்த மரியாதையோடு திரையில் எழுதியது: 'வணக்கம். உங்களுக்கு முன் ஒரு கார் சார்ஜ் ஆகிறது. தயவுசெய்து காத்திருக்கவும்.'

மூன்று பேரும் அதைப் படித்தார்கள்.

"முன்னாடி இருக்கற கார் எது?" என்றார் செயலாளர்.

"இதே பெட்டிதான் சார்."

"காத்திருக்கிற கார்?"

"அதுவும் இதே பெட்டிதான்."

"அப்ப என் வண்டி?"

"மூணாவது."

செயலாளரின் போன் அடித்தது. எடுத்து, "ஆமாங்க, கிளம்பிட்டேங்க, வந்துட்டே இருக்கேங்க!" என்று சம்பந்தியிடம் அசையாமல் நின்றபடி சொன்னார்.

டம்மிக்குக் கடைசி வழி ஒன்று இருந்தது. பேட்டரி சூடாகிவிட்டது என்று கார் சொன்னால், எப்பேர்ப்பட்ட சார்ஜரும் அந்தக் கணமே கையெடுத்துவிட வேண்டும். அது விதி. வெப்பம் என்ற இடத்தில் எழுபது டிகிரி என்று கவனமாக, இரண்டு இலக்கத்தையும் சரிபார்த்து அடித்தான்.

சார்ஜர் நிற்கவில்லை. காத்திருக்கும் இரண்டாவது காருக்குத்தான் சூடு, முதல் கார் சுகமாக இருக்கிறது என்று அது புரிந்துகொண்டது. அவன் எழுதிய கணக்கோ தன் கடமையைத் தொடங்கியது. நிஜ பேட்டரிக்குச் சூடு பிடித்தால் அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பும். எழுபது தொண்ணூறானது. தொண்ணூறு நூற்றிருபதானது. வளைவு எவ்வளவு அழகாக ஏறுகிறது என்று அந்த நேரத்திலும் டம்மிக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப்பார்த்தது.

சார்ஜரின் திரை முழுக்கச் சிவந்தது. 'அபாயம். பேட்டரியில் தீ. விலகி நிற்கவும்.'

"ஐயோ!" என்று பெரிய பெண் படிக்கட்டுப் பக்கம் ஓடினாள்.

அடுத்த சில நொடிகளில் கட்டடம் முழுக்க அபாய மணி அலறியது.

"என்ன சார் இது?" டம்மி காதைப் பொத்திக்கொண்டு கத்தினான்.

"சார்ஜரை அலாரத்தோட சேர்த்து வைக்கச் சொல்லி மீட்டிங்ல தீர்மானம் போட்டதே நான்தான்!" என்று செயலாளரும் கத்தினார். அந்தக் குரலில் பயமும் பெருமையும் பாதிப்பாதி இருந்தன.

பத்து மாடியும் இறங்கி வந்தது. ஷேவிங் நுரையோடு ஒருவர், பாதி முகத்துக்கு மட்டும் பவுடர் பூசிய ஒரு அம்மாள், மீன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம். டம்மியின் மனைவி ஈரத்தலையில் துண்டோடு வந்து சேர்ந்தாள்.

"என்னங்க, தீ எங்க?"

"என் லேப்டாப்ல."

அவள் துண்டால் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து பழகியவள்.

தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அதிகாரி குழாயோடு ஆட்களை அழைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"எந்த வண்டி எரியுது?"

"எந்த வண்டியும் எரியல சார்," என்றான் டம்மி. "காரே இல்ல. பேட்டரியும் இல்ல. அந்த மாதிரி பேசுது, அவ்வளவுதான்."

அதிகாரி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "அதிர்ச்சியில இப்படித்தான் பேசுவாங்க. இவரை மேல கூட்டிட்டுப் போங்க," என்று ஒரு வீரரிடம் சொல்லிவிட்டு, சார்ஜர் திரையைப் படித்தார். லேப்டாப்பைப் பார்த்தார். நானூறு டிகிரி. பிறகு, சார்ஜருக்குப் பக்கத்தில் இருந்த ஒரே காரைப் பார்த்தார்.

"அது என் வண்டி! அதுக்கு ஒண்ணும்..." என்று செயலாளர் பாய்வதற்குள் நுரை பீய்ச்சி அடித்தது. பாய்ந்ததால் பாதி அவர் மேலும் விழுந்தது. கண்ணாடி திறந்திருந்ததால் காருக்குள்ளும் போனது. பாலிதீன் உறை பிரிக்காத சீட்டுகள் குளமாக நிரம்பின. தன்னைப் பிடித்திருந்த கையிலிருந்து நழுவிய டம்மி ஓடிப்போய் லேப்டாப்பைப் படாரென்று மூடினான்.

லேப்டாப் தூங்கியதும், க்ளிக் என்று பூட்டு விட்டது. ஒயர் தானாக நழுவி, ஒன்றுமே நடக்காததுபோல் தரையில் விழுந்தது.

சம்பந்தி வீட்டார் காத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் டாக்ஸியில் வந்து வாசலில் இறங்கியபோது, தலை முதல் கால் வரை வெள்ளை நுரையோடு ஒரு உருவம் கைகூப்பி எதிரே போனது. மாப்பிள்ளையின் அம்மா அலறிக்கொண்டு டாக்ஸிக்குள் திரும்ப ஏறிவிட்டாள். பின்னாலேயே ஏறிய மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியை இறக்கி, "இன்னொரு நாள் பேசிக்கலாங்க," என்றார். அந்த இன்னொரு நாள் எந்தக் காலண்டரிலும் வராது என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

மறுநாள் மேனேஜர் டம்மியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னய்யா, உன் டம்மி கார் சார்ஜரை ஏமாத்தி, அலாரத்தை ஏமாத்தி, தீயணைப்பு வண்டியையே வரவழைச்சிருக்கு! இதைவிட தத்ரூபமா எவன் பண்ணுவான்? பெரிய மீட்டிங்ல நீயே பேசு!"

டம்மியால் சந்தோஷப்பட முடியவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்த தத்ரூபம் அது. வீட்டுக்கு வந்தால் மனைவியும் வாசலிலேயே மறித்தாள். "முதல்ல மாடிக்குப் போய் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வாங்க. அப்புறம்தான் சாப்பாடு."

போய்க் கதவைத் தட்டினான். பெரிய பெண்தான் திறந்தாள். வலது கையில் கட்டுப் போட்டிருந்தாள்.

"அம்மா, என்னை மன்னிச்சிடும்மா," என்றான். "என் பெட்டி சொன்ன பொய்யை சார்ஜர் நம்பி, சார்ஜர் சொன்னதை அலாரம் நம்பி... உன் கல்யாணமே நின்னுபோச்சு."

அவள் உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"மெல்லப் பேசுங்க அங்கிள். அப்பா தீர்மானம் போட்டாரே தவிர, சார்ஜர்லேருந்து அலாரத்துக்கு ஒயரை இன்னும் யாரும் இழுக்கவே இல்ல; படிக்கட்டுகிட்ட கண்ணாடிய உடைச்சு வேணும்னே மணி அடிச்சது நான்தான்."