கந்தசஷ்டியில் ஒரு கரண்டி மணி

கந்தசஷ்டிக்கு முதல்நாள் என் அப்பா பொன்னுத்துரை, சுவாமி அறை வாசலில் நின்று ஒரு பிரகடனம் செய்தார்.

"இந்தமுறை ஆறு நாளும் பாலும் பழமும்தான். தண்ணியைக்கூட யோசிச்சுத்தான் குடிப்பன்!"

அம்மாவின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. எனக்கு விக்கல் எடுத்தது. அதிர்ச்சி வராமல் என்ன செய்யும்? எங்கள் அப்பா நண்டுக்கால் உடைத்தால் கண்டி வாவியில் நிற்கும் கொக்கெல்லாம் ஒருமுறை பறந்து அமரும். "கொலஸ்ட்ரோல் கூடிப்போச்சு, நண்டு, ஆடு, சாராயம் மூண்டையும் விடுங்கோ" என்று டாக்டர் சொன்னபோது, யாரோ தூரத்துச் சொந்தக்காரரின் சுகயீனத்தைக் கேட்பதுபோல "ஐயோ பாவம்" என்றவர் அவர். அன்றிலிருந்து அம்மா கெஞ்சினார், கண்டித்தார், அழுதார். ஒன்றும் சரிவரவில்லை.

பிறகு ஏன் இந்தத் திடீர் பக்தி? எல்லாம் வேலாயுதத்துக்காக. எங்கள் கோயிலில் சூரன்போர் அன்று பரிவட்டம் கட்டி, வேலாயுதம் ஏந்தி, சுவாமிக்கு முன்னால் நடக்கும் மரியாதை ஒரே ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஆறு நாளும் விரதம் முறியாதவராக அவர் இருக்கவேண்டும். ஆளைத் தெரிவு செய்பவர் சபைத் தலைவர் வரதராசா. ஒவ்வொரு வருஷமும் அது வேறு யாருக்கோ போகும். அப்பா வீட்டுக்கு வந்து, துவாயைத் தலையில் சுற்றி, கூட்டும் தும்புத்தடியை ஏந்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பார். நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததை வகுப்பில் செய்தும் காட்டியிருக்கிறேன்.

ஏனென்றால் எனக்குக் குரல்கள் சும்மா வரும். வரதராசா மாமா தொண்டையைச் செருமுவது, எங்கள் விஞ்ஞான டீச்சர் தும்மிவிட்டு 'சைலன்ஸ்' என்பது, கோயில் ஐயர் மூக்காலேயே முழு மந்திரத்தையும் முடிப்பது, எல்லாம் வரும். அதற்கு விழும் அடியும் சும்மாதான் வரும்.

விரதத்தின் இரண்டாம் நாள் சோதனை ஒரு கடித உறைக்குள் வந்தது. அப்பாவின் லண்டன் நண்பர், தான் அவசரமாகத் திரும்பிப் போவதாகச் சொல்லி, இரண்டு டிக்கட்டுகளை அனுப்பியிருந்தார். சமாதான ஒப்பந்தம் எழுதின அடுத்த வருஷம் அது. வெடிச்சத்தம் ஓய, வெள்ளைக்காரர் கூட்டமாக வந்து இறங்கிய காலம். அவர்களுக்காகக் கொழும்புத் துறைமுகப் பக்கம் புதிதாக ஒரு சுற்றுலா தொடங்கியிருந்தார்கள். வழிகாட்டி ஒருவர் கூட்டிக்கொண்டு போவார். நடந்து நடந்து சாப்பாடும் வைனும் ருசி பார்க்கலாம். டிக்கட்டில் ஒரு நண்டு, கையில் வைன் கிளாசோடு சிரித்தது.

திகதியைப் பார்த்தார் அப்பா. விரதத்தின் ஐந்தாம் நாள். முகம் வெளிறியது. நண்டைப் பார்த்தார். நிறம் திரும்பி வந்தது.

அன்று பின்னேரமே அம்மாவிடம் போனார்.

"இஞ்சாரும் பத்மா. கொழும்பிலை ஒரு முருகன் கோயிலுக்கு நேர்த்திக்கடன் ஒண்டு கிடக்கு. ஐஞ்சாம் நாள் போட்டு வரட்டே?"

"எப்ப வைச்ச நேர்த்தி?"

"அது... சின்னனிலை."

"சரி, போங்கோ. ஆனா மகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. கோயிலுக்குள்ளை நிண்டு எனக்குப் போன் எடுக்கவேணும்."

இந்தப் போன் எங்கள் வீட்டுச் சட்டம். எண்பத்துமூன்று கலவரத்தில் அம்மப்பா கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று போய், மூன்று நாள் எங்கே என்று தெரியாமல் இருந்தாராம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் கண்டியைத் தாண்டினாலும், போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து குரல் கேட்கவேண்டும். சமாதானம் வந்தாலும் அம்மாவின் சட்டத்துக்கு ஒப்பந்தம் கிடையாது.

அப்பா என்னை மாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"பிள்ளை, உனக்கு ஐயரின்ரை குரல் வருமெல்லோ?"

"மூக்கு அடைச்சிருந்தா இன்னும் நல்லா வரும்."

"மணிச் சத்தம்?"

"அதுக்கு ஒரு கரண்டி வேணும்."

"ஐஸ்கிறீம் எத்தினை வேணும்?"

நான் விலைபோய்விட்டேன்.

கொழும்புக்குப் போக, வான் ஓட்டும் அலவத்துகொட மர்சூக் நானாவைப் பிடித்தார் அப்பா. அம்மாவுக்குத் தெரியாமல் துறைமுகம் போகும் கதை முழுவதையும் அவருக்கு மட்டும் சொன்னார். மர்சூக் நானாவுக்கு அப்பா 'சேர்', பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் அம்மா 'டீச்சர்'. இரகசியத்தைக் காப்பாற்றுவதில் அவர் இரும்புப் பெட்டி. ஆனால் அது முஸ்லிம்களின் நோன்பு மாதம். அப்பா அதைப் பற்றி ஒரேயொரு தரம்தான் யோசித்தார். "நல்லதாப் போச்சு. சாப்பாட்டுக்கு எண்டு வழியிலை நிப்பாட்டமாட்டான்."

ஐந்தாம் நாள் விடிய, வானில் ஏறியதும் மர்சூக் நானா தலையைச் சொறிந்தார்.

"சேர், ஒரு விஷயம் செல்லணும். நேத்து அஸர் தொழுகைக்குப் பொறகு நேரம் கேக்க ஒங்கட ஊட்டுக்கு வந்தன். நீங்க கோயில்ல. அப்ப டீச்சர்..."

"மர்சூக்! நோன்போடை கனக்கக் கதையாதை. தொண்டை காஞ்சு போகும்."

"இல்ல சேர், டீச்சர் வந்து..."

"றோட்டைப் பார்!"

அவர் றோட்டைப் பார்த்தார்.

கொழும்புக் கோட்டையில் இறங்கியதும் முதல் அதிர்ச்சி. துறைமுக வாசலில் ஒரு சிப்பாய் எங்களை மறித்தான். "கொஹெத யன்னே?" எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். பழகிய பயத்தில் அப்பா அடையாள அட்டையை நீட்டி, "கோவிலட்ட" என்றார். பொய் அவ்வளவு நன்றாகப் பாடமாகியிருந்தது. ஆனால் அட்டையோடு சேர்ந்து டிக்கட்டும் வெளியே வந்துவிட்டது. சிப்பாய் வைன் கிளாசோடு சிரிக்கும் நண்டைப் பார்த்தான். திருநீறு பூசிய அப்பாவைப் பார்த்தான். பிறகு அப்பாவின் தோளில் தட்டி, "ஹொந்த கோவிலக்!" என்று உள்ளே விட்டான். நல்ல கோயில்தானாம்.

வெள்ளைத் தொப்பி போட்ட வழிகாட்டி குனிந்து வரவேற்றார். பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர், ஒரு அப்பா, ஒரு நான். பழைய ஒல்லாந்தர் பண்டகசாலை ஒன்றுக்குள் எங்களை இருத்தினார்கள். எனக்கு முந்திரிகைப்பழச் சாறு. அப்பாவுக்கு முன்னால் வெள்ளை வைன்.

வழிகாட்டியின் குரலை நான் அங்கேயே பிடித்துவிட்டேன். வாய்க்குள் சுடுகிழங்கு வைத்துக்கொண்டு பேசுகிற குரல். "முதலில் பாருங்கள்! சுழற்றுங்கள்! மணந்து பாருங்கள்! ஒரு மிடறு எடுங்கள். வாய் முழுக்க உருட்டுங்கள். இப்போது... துப்புங்கள்!"

எல்லா வெள்ளைக்காரரும் நடுவிலிருந்த வெள்ளி வாளிக்குள் துப்பினார்கள்.

அப்பா திடுக்கிட்டு விழுங்கிவிட்டார்.

"என்ன பிள்ளை இது! லண்டனிலையிருந்து டிக்கட் எடுத்து வந்து துப்பிறாங்கள்!"

"வெறிக்காமல் இருக்கவாம் அப்பா."

அப்பாவின் கண்ணில் ஞானஒளி அடித்தது. "அப்ப விரதமும் முறியாது! விழுங்கினாத்தானே சாப்பாடு? துப்பினா அது ருசி பார்க்கிறது. நான் ருசிதான் பார்க்கிறன்!"

இரண்டாம் வைனைத் துப்பினார். மூன்றாவதில் பாதியைத் துப்பினார். பிறகு மிளகு நண்டு வந்தது. சுடச்சுட, ஓடு பிளந்து, நெய் வழிய. அதற்குப் பிறகு அந்த வாளி அப்பாவின் வாயை மறுபடி காணவில்லை.

"நண்டைத் துப்பேல்லையே அப்பா?"

"நண்டைத் துப்பினா நண்டுக்கு மரியாதையில்லை."

நாலாம் வைன், ஐந்தாம் வைன், கல்லில் சுட்ட கணவாய், பூஞ்சணம் பிடித்த சீஸ். பூஞ்சணத்தைப் பார்த்து ஒருகணம் தயங்கினார். "மரக்கறிதானே" என்று தன்னைத்தானே மன்னித்துக்கொண்டார்.

அப்போதுதான் வாசலில் மர்சூக் நானா தன் கைத்தொலைபேசியைப் பாம்பைப் பிடித்ததுபோல் தூரமாகப் பிடித்தபடி ஓடிவந்தார்.

"சேர்! டீச்சர் லைன்ல ஈக்கிறா!"

"கோயிலுக்குள்ளை நிக்கிறன் எண்டு சொல்லு!"

"நான் செல்ல மாட்டன் சேர். நோன்போட பொய் செல்ல ஏலா. நீங்களே பேசுங்க." தொலைபேசியை அப்பாவின் மடியில் போட்டுவிட்டு வானுக்கே ஓடிவிட்டார்.

அப்பா எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் கரண்டியை எடுத்து வைன் கிளாசில் தட்டினேன். கிணிங், கிணிங், கிணிங். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஓம் சரவணபவாய நமஹ..."

வெள்ளைக்காரர் எல்லாரும் வாய் பிளந்தார்கள்.

"பத்மா! பூசை நடக்குது! சனமெண்டா அப்பிடிச் சனம்!"

"கேக்குது, கேக்குது. பக்கத்திலை ஐயர் நிக்கிறாரோ? ஒருக்காக் குடுங்கோ."

இது திட்டத்தில் இல்லை. போன் என் காதுக்கு வந்தது.

"சொல்லுங்கோம்மா" என்றேன் மூக்கால்.

"ஐயா, கண்டியிலையிருந்து பொன்னுத்துரையின்ரை மனிசி கதைக்கிறன். இவர் ஒரு நேர்த்தி வைக்க வந்தவர். வெக்கத்திலை உங்களிட்டைச் சொல்லியிருக்கமாட்டார். நண்டு, ஆடு, மீன், முட்டை, சாராயம், வைன் எல்லாத்தையும் அடுத்த வருஷச் சூரன்போர் வரைக்கும் விடப்போறாராம். ஒருக்காச் சங்கற்பம் செய்து விடுங்கோ. அவர் வாயாலை சொல்லுறது எனக்குக் கேக்கவேணும்."

நான் சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பாவின் காதில் குசுகுசுத்தேன். அவர் மூச்சு விட்டார். "அவ்வளவுதானே? நீ என்ன உண்மையான ஐயரே? சொல்லிவிடு. சொல்லிப்போட்டு அந்தக் கணவாயை இஞ்சாலை தள்ளு."

"பொன்னுத்துரை நாமதேயஸ்ய! வலக்கையில் தீர்த்தம் எடுங்கோ!"

மேசையில் தண்ணீர் இல்லை. அப்பா வெள்ளை வைனை உள்ளங்கையில் ஊற்றினார். கிணிங், கிணிங்.

"நண்டைத் தொடமாட்டேன்!"

"நண்டைத் தொடமாட்டன்!" என்றார் அப்பா, இடது கையில் நண்டுக்காலோடு.

"ஆடு, மீன், முட்டை தொடமாட்டேன்! மது தொடமாட்டேன்! அடுத்த வருஷச் சூரன்போர் வரைக்கும்!"

எல்லாவற்றையும் உரத்துச் சொன்னார். வைனும் சேர்ந்து சொன்னதால் குரல் கணீரென்று இருந்தது. சங்கற்பத் தீர்த்தத்தைத் துப்பும் வாளிக்குள் விட்டார். வழிகாட்டி மெதுவான குரலில், இது உள்ளூர் மக்கள் வைனுக்குச் செய்யும் புராதன ஆசீர்வாதம் என்று விளக்கினார். வெள்ளைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு கிழவி அப்பாவின் காலில் விழப் பார்த்தார்.

"பெரிய கூட்டம்தான்" என்றார் அம்மா போனில். வைத்துவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் அப்பா வாயில் ஏலக்காயும் முகத்தில் வெற்றியும். மாவனெல்லைப் பள்ளிவாசலுக்கு முன்னால் மர்சூக் நானா பேரீச்சம்பழம் வைத்து நோன்பு திறந்தார். கஞ்சி குடித்து முடித்ததும், "சேர், காலைல செல்ல வந்த விஷயம்..." என்று தொடங்கினார். அப்பா குறட்டை விட்டார்.

வீட்டுக்கு வந்தால் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார் வரதராசா மாமா!

அப்பா வாசலிலேயே சிலையானார். மாமா எழுந்தார். தொண்டையைச் செருமினார். ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தார்.

"பொன்னுத்துரை! என்ரை காதாலை கேட்டன் ஐசே! பத்மா ரிசீவரை என்ரை காதிலையெல்லோ வைச்சவ! மணிச்சத்தமும், ஐயரின்ரை குரலும்... எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. ஒரு வருஷச் சங்கற்பம்! நாளைக்கு வேலாயுதம் உமக்குத்தான். பின்னேரப் பூசையிலை ஒலிபெருக்கியிலையும் அறிவிச்சுப் போட்டன். இனி ஊரிலை எந்தக் கலியாண வீட்டிலையும் உமக்கு மச்சம் மாமிசம் பரிமாறாமல் சபை பார்த்துக்கொள்ளும்!"

அப்பாவின் முகத்தில் முதல் பாதிச் செய்திக்குப் பரிவட்டம் ஏறியது. மற்றப் பாதிக்கு அவிழ்ந்து விழுந்தது. "அது வந்து அண்ணை..." என்றார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "...முருகன் செயல்" என்று முடித்தார்.

மாமா போனபிறகு அப்பா சமையலறைக்குள் பாய்ந்தார்.

"உமக்கு எல்லாம் தெரியும்!"

"ஓம்."

"ஆர் சொன்னது?"

"மர்சூக். நேத்துப் பின்னேரம் வந்தவன். எங்கையடா சேரைக் கொண்டு போறாய் எண்டு நேராக் கேட்டன். நோன்பு திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம் கிடந்தது. பாவம், என்ன செய்வான்?"

"அப்ப அது ஐயர் இல்லை எண்டும் தெரியும்!"

"நான் பெத்த பிள்ளையின்ரை மூக்கு எனக்குத் தெரியாதே?"

"அப்ப அந்தச் சங்கற்பம் செல்லாது!"

"செல்லாதுதான்" என்றார் அம்மா பாலை ஆற்றியபடி. "வரதராசா அண்ணை இன்னும் சந்தி தாண்டியிருக்கமாட்டார். ஓடிப்போய், அது ஐயர் இல்லை, எங்கடை பெட்டை. அது மணி இல்லை, வைன் கிளாஸ் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ."

அப்பா வாசல் படலை வரைக்கும் போனார். படலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். திரும்பி வந்து பாலைக் குடித்தார்.

அடுத்தநாள் பரிவட்டத்தோடு வேலாயுதம் ஏந்தி நடந்தார். உண்மையிலேயே வடிவாக இருந்தார். கண்கூடக் கலங்கியிருந்தது. பக்தியென்று ஊர் சொன்னது.

பாரணை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா நண்டுக்கறி வைத்தார். எனக்கும் தனக்கும் மட்டும். அதற்குள் நான் துறைமுகக் கதை முழுவதையும் எல்லாக் குரலிலும் அம்மாவுக்கு நடித்துக் காட்டிவிட்டேன். அப்பா மேசையின் மறுகரையில் பூசணிக்காயோடு இருந்து, சட்டியின் பக்கம் மெல்லக் கையை நீட்டினார்.

"பத்மா... நான் ருசிதான் பார்க்கிறன்."

அம்மா எழுந்துபோய், குளியலறை வாளியைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தார்.