நவமணி சொல்ல, பரஞ்சோதி எழுத

மனைவிக்குத் தெரியாமல் பரஞ்சோதி செய்துவந்த ஒரே துரோகம் கைப்பேசிக்குள் நடந்தது. நவமணிக்கு அந்தச் சின்ன எழுத்துகளைத் தட்டத் தெரியாது. அவள் சொல்வாள், அவர் தட்டுவார். பள்ளி விடுமுறை வந்தால் போதும், மெர்போக்கிலிருந்து அவள் அண்ணன் தயாளன், "வரலாமா?" என்று கேட்பார். "கண்டிப்பா வரச் சொல்லுங்க" என்பாள் நவமணி. "குழாயில் தண்ணீர் இல்லை", "வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம்" என்று தட்டி அனுப்புவார் பரஞ்சோதி. மச்சான் வந்தால் மனைவி, நான்கு பையன்கள் சகிதம் குளுகுளு ஏர்கோன் அறையைப் பிடித்துக்கொள்வார். பரஞ்சோதி ஹாலில் கொசுவோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் தலையில் மகள் ஷாமளா கல்லைப் போட்டாள். பாடாங் செராயில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு வந்தவள், அம்மாவின் கைப்பேசியில் மைக் படத்தைக் காட்டி, "இதை அமுக்கிட்டுப் பேசுங்கம்மா. அதுவே எழுதிக்கும் லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாளே அண்ணனிடமிருந்து செய்தி. நவமணி மைக்கை அமுக்கப் போனாள். பரஞ்சோதி பாய்ந்தார்.

"இரு, இரு! அதுக்குப் புத்தகத் தமிழ்தான் புரியும். நீ பேசுறது புரியாது."

"உங்களுக்கு மட்டும் புரியுதாக்கும்?"

"முப்பது வருஷமா பழகிட்டேன்ல."

"சரி, நீங்களே பேசுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அங்கேதான் மாட்டிக்கொண்டார். விரல் பொய் சொன்னால் சத்தம் வராது. வாய் சொன்னால் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்டுவிடுமே!

"அண்ணனைக் குடும்பத்தோட வரச் சொல்லுங்க."

பரஞ்சோதி தொண்டையைக் கனைத்தார். "அன்புள்ள மச்சான்... குடும்பத்தோடு... வரவும்."

"பத்து நாள் தங்கச் சொல்லுங்க."

"பத்து நாள்... தங்கவும்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில் அவர் விரல் தானாகப் போய் அனுப்பும் பொத்தானை அமுக்கியது.

"அனுப்பிட்டீங்களா?" நவமணியின் குரல் கீச்சிட்டது.

"நீதானே சொன்னே!"

"எத்தனை வருஷமா சொல்றேன்! ஒரு தடவையாவது நான் சொன்னதை அனுப்பியிருக்கீங்களா? அந்தத் தைரியத்துலதானே சொன்னேன்! ஆறு பேருக்கு மூணு வேளையும் யாரு வடிச்சுக் கொட்டுறது?"

"அப்ப... உனக்குத் தெரியுமா?"

"வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறீங்களான்னு அண்ணி என்னைக் கேக்க மாட்டாங்களா? 'அவரு குணம் அப்படி அண்ணி'ன்னு கண்ணைத் துடைச்சுக்குவேன். எனக்கு நல்ல பேரு. பழி உங்களுக்கு."

கைப்பேசி டிங் என்றது. 'நாளைக் காலையிலேயே வர்றோம் மாப்பிள்ளை!'

நவமணி கைப்பேசியைப் பிடுங்கி மைக்கை அமுக்கினாள்.

"அண்ணே, ஆசையாக் கூப்பிட்டேன். இப்பத்தான் பார்த்தேன், இவருக்கு அம்மை போட்டிருக்கு. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்துடாதீங்கண்ணே."

அவள் பேசியதை அது அப்படியே எழுதிக்கொண்டது. அனுப்பிவிட்டு, "தாயே, மன்னிச்சுக்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கொல்லைக்குப் போய் வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகினாள்.

பரஞ்சோதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கோப்பிக் கடைக்குக் கிளம்பினார்.

"எங்க கிளம்பிட்டீங்க? இந்த டவுன் பூரா அண்ணனுக்குச் சேக்காளிங்க. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. கோழி, மீன் எதுவும் கிடையாது. மோர்ச்சோறுதான்."

"எனக்குத்தான் அம்மையே இல்லையேடி!"

"எழுதி அனுப்பியாச்சு" என்றாள் நவமணி.